பறவையைத் தேடியவர் நிலாவைத் தொட்டார்!

நிலாவில் 12 காமிராக்கள் கிடக்கின்றன.

அங்கே காற்று இல்லை. மழை இல்லை. துருப்பிடிக்க வழி இல்லை. மனிதன் விட்டு வந்த இடத்திலேயே, புழுதி மண்ணில் அவை அப்படியே இருக்கின்றன.

அந்தக் காமிராக்களுக்குப் பெயர் கொடுத்தவர் யார்? பெரிய விஞ்ஞானியா? இல்லை. ராக்கெட் நிபுணரா? அதுவும் இல்லை.

பறவைகளைப் படம் பிடிப்பதற்காக மணிக்கணக்கில் பதுங்கிக் கிடந்த ஒரு மனிதர்!

அவர் பெயர் விக்டர் ஹாசல்பிளாட்.

வியாபாரக் குடும்பம்

ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் நாடு ஸ்வீடன். அதன் மேற்குக் கரையில் கோத்தன்பர்க் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. 1906-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந் தேதி, அந்த நகரத்தில் விக்டர் பிறந்தார்.

ஹாசல்பிளாட் குடும்பம் பழைய வியாபாரக் குடும்பம். விக்டரின் கொள்ளுத் தாத்தா 1841-ம் ஆண்டிலேயே வெளிநாட்டுச் சரக்குகளை வாங்கி விற்கும் கம்பெனியைத் தொடங்கி இருந்தார்.

தாத்தா ஆர்விட் காலத்தில், அந்தக் கம்பெனியில் ஒரு புதுச் சரக்கு சேர்ந்தது. அதுதான் போட்டோ சாமான்கள்.

ஆர்விட்டுக்குப் படம் எடுப்பதில் ஆசை அதிகம். அவருக்கு அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மனுடன் பழக்கம் ஏற்பட்டது. பிலிம் சுருளையும் கோடக் காமிராவையும் உலகத்துக்குக் கொடுத்தவர் இந்த ஈஸ்ட்மன்தான். 1888-ம் ஆண்டு முதல் ஈஸ்ட்மனின் சரக்குகள் ஸ்வீடனுக்கு ஹாசல்பிளாட் கம்பெனி மூலம் வந்து இறங்கின.

இதில் பெரிய லாபம் வரும் என்று ஆர்விட் எதிர்பார்க்கவில்லை. காசு செலவில்லாமல் படமாவது எடுத்துக் கொள்ளலாம் என்பதுதான் அவர் போட்ட கணக்கு!

கணக்கு தப்பாகப் போயிற்று. வியாபாரம் கொழித்தது. விக்டருக்கு 2 வயதாக இருந்தபோது, 1908-ம் ஆண்டில், போட்டோ வியாபாரத்துக்கு என்றே தனிக் கம்பெனி ஏற்பட்டது.

ஆகவே விக்டர் காமிராக்களின் நடுவில் பிறந்து, காமிராக்களின் நடுவில் வளர்ந்தார்.

பறவைப் பித்து

விக்டருக்குச் சிறு வயதில் இருந்தே ஒரு பித்து உண்டு. அது பறவைப் பித்து.

ஸ்வீடன் குளிர் நாடு. பனிக்காலம் நெருங்கியதும் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே பறந்து போகும். வெயில் காலம் வந்ததும் திரும்பி வரும். எந்தப் பறவை எப்போது போகிறது, எந்த வழியாகப் போகிறது, எப்போது வருகிறது என்று பார்ப்பதில் விக்டருக்குச் சலிப்பே வராது.

பார்த்ததைப் படம் பிடிக்க வேண்டாமா?

அங்கேதான் தொல்லை. அந்தக் காலத்தில் நல்ல படம் வேண்டும் என்றால் பெரிய காமிரா வேண்டும். பெரிய காமிராவோ கனமாக இருக்கும். அதைத் தூக்கி, திருப்பி, குறி பார்ப்பதற்குள் பறவை பறந்து போய்விடும். சின்னக் காமிராவைக் கொண்டு போனால் கை வலிக்காது. ஆனால் படம் தெளிவாக விழாது.

பெரிய காமிராவின் தெளிவு வேண்டும். சின்னக் காமிராவின் சுறுசுறுப்பு வேண்டும். இரண்டும் சேர்ந்த காமிரா கடையில் கிடைக்கவில்லை.

18 வயதில் பயணம்

விக்டர் 18-வது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். காமிராத் தொழிலைக் கற்றுவர வெளிநாடு புறப்பட்டார்.

முதலில் ஜெர்மனியில் உள்ள டிரெஸ்டன் நகரம். அந்தக் காலத்தில் காமிராத் தொழிலுக்குப் பேர் போன ஊர் அது. பிறகு வேறு பல தொழிற்சாலைகள், போட்டோ கழுவும் கூடங்கள். அமெரிக்காவுக்கும் போனார். ராச்செஸ்டர் நகரத்தில் தாத்தாவின் நண்பர் ஈஸ்ட்மனின் கம்பெனியில் வேலை பழகினார்.

முதலாளி வீட்டுப் பிள்ளை என்று நாற்காலியில் உட்கார்ந்து இருக்கவில்லை. காமிரா எப்படிச் செய்யப்படுகிறது, லென்ஸ் எப்படித் தீட்டப்படுகிறது, பிலிம் எப்படிக் கழுவப்படுகிறது என்று எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

எல்லாம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். குடும்பக் கம்பெனியில் சேர்ந்தார்.

தகப்பனாரும் மகனும்

கம்பெனி அப்போது விக்டரின் தகப்பனார் கார்ல் எரிக் கையில் இருந்தது. தகப்பனாருக்கும் மகனுக்கும் ஒத்துவரவில்லை. வேற்றுமை வளர்ந்தது. கடைசியில் விக்டர் கம்பெனியை விட்டு வெளியே வந்துவிட்டார்.

நான்கு தலைமுறைச் சொத்து. உலகம் எல்லாம் சுற்றிக் கற்றதே அந்தக் கம்பெனிக்காகத்தான். அதை விட்டுவிட்டு, வெறும் கையோடு படி இறங்குவது என்றால் லேசா?

விக்டருக்கு அப்போது துணையாக இருந்தவர் அவருடைய மனைவி. அவர் பெயர் எர்னா. 1934-ம் ஆண்டில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

அடுத்த ஆண்டே விக்டர் ஒரு புத்தகம் வெளியிட்டார். காமிராவைப் பற்றிய புத்தகம் அல்ல. வியாபாரத்தைப் பற்றியதும் அல்ல. இடம் விட்டு இடம் போகும் பறவைகளின் பாதையைப் பற்றியது அது!

1937-ம் ஆண்டு கோத்தன்பர்க் நகரின் நடுவில், "விக்டர் போட்டோ" என்ற பெயரில் சொந்தமாக ஒரு கடையும் படம் கழுவும் கூடமும் திறந்தார். குடும்பக் கம்பெனி இருந்த அதே ஊரில், மகன் தனிக்கடை போட்டார்.

வானத்தில் இருந்து வந்த காமிரா

1939-ம் ஆண்டு இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. ஸ்வீடன் யாருடனும் சேரவில்லை. ஆனால் சுற்றிலும் தீ எரியும்போது, நடு வீட்டுக்காரர் தூங்க முடியுமா? ஸ்வீடன் தன் படைகளைப் பலப்படுத்த வேண்டி வந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு ஜெர்மன் விமானம் ஸ்வீடனில் விழுந்தது. அதில் ஒரு காமிரா இருந்தது. வானத்தில் இருந்து தரையை வேவு பார்த்துப் படம் எடுக்கும் காமிரா. அது உடையாமல் ஸ்வீடன் அதிகாரிகள் கையில் சிக்கியது.

1940-ம் ஆண்டில் விமானப்படை அதிகாரிகள் விக்டரை அழைத்தார்கள். காமிராவைக் காட்டி, இதைப்போல ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார்கள்.

விக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். இதைப்போல ஒன்று செய்ய முடியாது. இதைவிட நல்லதாக ஒன்று செய்ய முடியும் என்று பதில் கொடுத்தார்!

வாய்ச்சொல் பெரிதாக இருந்தது. ஆனால் கையில் தொழிற்சாலை ஏது?

மோட்டார் கார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் ஒரு கொட்டகை கிடைத்தது. பக்கத்திலேயே பழைய இரும்புச் சாமான்கள் கொட்டும் இடம். பகலில் மற்ற வேலைகள். மாலையில் ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக் கொண்டு காமிரா வேலை. வேண்டிய சில சாமான்களைப் பழைய இரும்புக் குவியலிலேயே தேடி எடுத்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் முதல் ஹாசல்பிளாட் காமிரா. கையில் பிடித்தபடி விமானத்தில் இருந்து படம் எடுக்கும் காமிரா அது. 1941-ம் ஆண்டு முடிவதற்குள் பட்டறையில் 20-க்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 1945 வரை 342 காமிராக்கள் செய்யப்பட்டன.

இதற்கிடையே, 1942-ம் ஆண்டு தகப்பனார் கார்ல் எரிக் காலமானார். கம்பெனியின் பெரும்பாலான பங்குகளை விக்டர் வாங்கினார். படி இறங்கிப்போன மகன், முதலாளியாகப் படி ஏறினார்.

கைக்கு அடங்கிய பெட்டி

யுத்தம் முடிந்தது. ராணுவத்துக்கு இனிக் காமிரா அவ்வளவாகத் தேவைப்படாது. பட்டறை ஆட்களுக்கு வேலை வேண்டுமே! கடிகாரப் பாகங்கள் செய்து சமாளித்தார்கள்.

ஆனால் விக்டரின் மனம் கடிகாரத்தில் இல்லை. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய உயர்தரக் காமிரா ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதே அவர் நோக்கம். கனமாக இருக்கக்கூடாது. கைக்கு அடங்க வேண்டும். படமோ மிகத் தெளிவாக விழ வேண்டும்.

மரத்தில் மாதிரிகள் செய்து பார்த்தார்கள். ஸ்வீடனின் புகழ்பெற்ற சாப் மோட்டார் காருக்கு உருவம் கொடுத்த சிக்ஸ்டன் சாசன் என்பவர், இந்தக் காமிராவுக்கும் உருவம் கொடுத்தார்.

1948-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அந்தக் காமிராவை விக்டர் வெளியிட்டார்.

அதில் என்ன புதுமை?

சாதாரணக் காமிராவில் விழும் படம் பெரிய தபால்தலை அளவுதான் இருக்கும். 36 மில்லி மீட்டர் நீளம். 24 மில்லி மீட்டர் அகலம். விக்டரின் காமிராவில் விழும் படம் சதுரமானது. பக்கத்துக்கு 56 மில்லி மீட்டர். அதாவது, பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல். ஆகவே படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும், மரத்தின் இலையும் பறவையின் இறகும் தனித்தனியாகத் தெரியும்.

மற்றொரு புதுமை, காமிராவைப் பிரித்துச் சேர்க்கலாம் என்பது. முன்பக்கம் லென்ஸ், நடுவில் பெட்டி, மேலே குறி பார்க்கும் கண்ணாடி, பின்பக்கம் பிலிம் கூடு. ஒவ்வொன்றையும் கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

பிலிம் கூட்டைப் பாதிச் சுருளில்கூடக் கழற்றலாம். வெளிச்சம் படாமல் இருக்க ஒரு தகடு உண்டு. கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துக் கொண்டே இருக்கும்போது, எதிரே வானம் சிவந்துவிட்டதா? அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டுக் கலர் பிலிம் உள்ள கூட்டை மாட்டிக் கொள்ளலாம்!

இயற்கைக் காட்சிகளைப் படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

வந்தது சோதனை

பெயர் கிடைத்துவிட்டது. உடனே சோதனையும் வந்தது.

காமிராவில் ஷட்டர் என்ற பாகம் உண்டு. கண் இமை போல ஒரு நொடி திறந்து மூடுவது அது. விக்டரின் முதல் காமிராவில், ஒரு விநாடியை 1,600 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஷட்டர் திறந்து மூடும். அதனால் காமிராவின் பெயரே 1600-எப். அவ்வளவு வேகம் அன்றைக்கு அதிசயம்.

ஆனால் அந்த மெல்லிய ஷட்டர் அடிக்கடி பழுதாயிற்று. விலை கொடுத்து வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். காமிராக்கள் பழுது பார்க்கத் திரும்பி வந்தன.

வேறொருவராக இருந்தால் மழுப்பி இருப்பார். விக்டர் மழுப்பவில்லை. வேகத்தைக் குறைத்தார். 1952-ம் ஆண்டு 1000-எப் என்ற காமிரா வந்தது. முன்னதைவிட உறுதியாக இருந்தது. அப்படியும் அவருக்குத் திருப்தி இல்லை.

1957-ம் ஆண்டு பெட்டிக்குள் இருந்த அந்த ஷட்டரையே எடுத்துவிட்டார். ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் ஒரு ஷட்டர் வைத்தார். ஜெர்மனியின் சைஸ் கம்பெனி லென்ஸ்களைச் செய்து கொடுத்தது. இதன் வேகம், விநாடியில் 500-ல் ஒரு பங்குதான். பெயர் 500-சி.

1600, 1000, 500! சந்தையில் எல்லோரும் எண்ணைக் கூட்டிக் கொண்டு போவார்கள். விக்டர் எண்ணைக் குறைத்துக் கொண்டே வந்தார். வேகம் குறைந்தது, நம்பிக்கை கூடியது.

அந்த 500-சி காமிராதான் ஹாசல்பிளாட் என்ற பெயரை உலகம் எல்லாம் பரப்பியது.

மலையும் நிலாவும்

அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் என்று ஒரு புகைப்பட மேதை இருந்தார். மலை, அருவி, காடு, மேகம் இவற்றைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து அழியாப் புகழ் பெற்றவர். பெரிய காமிராவைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டும், முதுகில் சுமந்துகொண்டும் மலை ஏறிய காலம் அவருக்கு உண்டு.

விக்டரின் காமிரா அவருக்குப் பிடித்துப் போயிற்று. சோதித்துப் பார்த்துக் குறைகளையும் நிறைகளையும் எழுதி அனுப்பினார்.

1960-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு மாலை நேரம். யோசமிட்டி பள்ளத்தாக்கில் ஹாப் டோம் என்ற மொட்டைப் பாறை மலை. அதன் பக்கத்தில் நிலா எழும்பிக் கொண்டிருந்தது. ஆடம்ஸ் ஹாசல்பிளாட் காமிராவில் தூரத்து லென்ஸை மாட்டிப் படம் எடுத்தார். மலையும் நிலாவும் ஒன்றை ஒன்று பார்த்துக் கொண்டு இருப்பது போன்ற அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

பூமியில் இருந்து நிலாவைப் படம் எடுத்த காமிரா, நிலாவுக்கே போகும் நாளும் வந்தது!

வான வீதியில்

வால்டர் ஷிரா என்பவர் அமெரிக்காவின் விண்வெளி வீரர். 1962-ம் ஆண்டு அவர் ஹூஸ்டன் நகரில் ஒரு போட்டோ கடைக்குப் போனார். எல்லோரையும் போல ஒரு ஹாசல்பிளாட் 500-சி வாங்கினார்.

அதை ராக்கெட்டில் கொண்டு போவதற்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். மேலே ஒட்டி இருந்த தோலை உரித்தார்கள். உள்ளே இருந்த கண்ணாடியைக் கழற்றினார்கள். பளபளப்புத் தெரியாமல் கறுப்பு வர்ணம் பூசினார்கள். அக்டோபர் 3-ந் தேதி ஷிரா பூமியை 6 முறை சுற்றி வந்தார். கடையில் வாங்கிய காமிராவும் சுற்றி வந்தது!

அதற்குப் பிறகு விக்டரின் கம்பெனியும் அமெரிக்க விண்வெளி இலாகாவும் சேர்ந்து வேலை செய்தன. மோட்டாரால் தானே பிலிம் சுற்றும் காமிரா தயாராயிற்று.

1968-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, அப்போலோ 8 விண்கலத்தில் 3 வீரர்கள் நிலாவைச் சுற்றிக் கொண்டிருந்தார்கள். திடீர் என்று ஜன்னலில் ஓர் அதிசயம்! நிலாவின் சாம்பல் நிற விளிம்புக்கு மேலே, நீலமும் வெள்ளையுமாகப் பூமி உதயமாயிற்று. வில்லியம் ஆன்டர்ஸ் அவசரம் அவசரமாகக் கலர் பிலிம் கூட்டை வாங்கி மாட்டினார். படம் எடுத்தார்.

பாதியில் பிலிம் கூட்டை மாற்றலாம் என்று விக்டர் வைத்த வசதி, அந்த நிமிடத்தில் கைகொடுத்தது. இருட்டு வானத்தில் தனியாக மிதக்கும் நம் பூமியை, மனித குலம் அந்தக் கலர் படத்தில் பார்த்து நெகிழ்ந்தது.

1969-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி மனிதன் நிலாவில் கால் வைத்தான். ஆம்ஸ்ட்ராங்கின் நெஞ்சுப் பகுதியில் வெள்ளி நிறத்தில் ஒரு ஹாசல்பிளாட் காமிரா மாட்டப்பட்டு இருந்தது. நிலாவில் எடுத்த அந்தப் படங்களில் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள் தெரியும். தூரத்தையும் அளவையும் கணக்கிடுவதற்காகக் காமிராவுக்குள் வைத்த கண்ணாடித் தகட்டின் அடையாளம் அது.

திரும்பும்போது எடையைக் குறைக்க வேண்டும். நிலாவின் கல்லும் மண்ணும் ஏற்றி வர வேண்டுமே! அதனால் பிலிம் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, காமிராவை அங்கேயே விட்டுவிட்டார்கள். பிறகு போனவர்களும் அப்படியே செய்தார்கள். நிலாவில் 12 காமிராக்கள் தங்கிய கதை இதுதான்.

இன்னொரு செய்தி. அந்தப் பயணங்களுக்குப் பிலிம் கொடுத்தது ஈஸ்ட்மன் தொடங்கிய கோடக் கம்பெனி. தாத்தா பிடித்த நட்பு, பேரன் காலத்தில் நிலா வரை போய்ச் சேர்ந்தது!

பிள்ளை இல்லாத வீடு

உலகப் புகழ் வந்தது. செல்வம் வந்தது. ஆனால் விக்டருக்கும் எர்னாவுக்கும் பிள்ளைகள் இல்லை.

1976-ம் ஆண்டு விக்டர் கம்பெனியை விற்றார். 1978-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி, தமது 72-வது வயதில் காலமானார்.

செல்வம் என்ன ஆயிற்று? அறக்கட்டளை ஒன்று ஏற்படுத்தும்படி அவர் எழுதி வைத்திருந்தார். 1979-ம் ஆண்டு அது தொடங்கியது. எர்னா, விக்டர் இருவர் பெயரும் அதற்கு உண்டு. இயற்கை விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் புகைப்படக் கலைக்கும் அது உதவி செய்கிறது.

1980-ம் ஆண்டு முதல் சிறந்த புகைப்படக் கலைஞர்களுக்கு அறக்கட்டளை பரிசு கொடுத்து வருகிறது. 1981-ம் ஆண்டுப் பரிசு, மலையையும் நிலாவையும் எடுத்த ஆன்சல் ஆடம்சுக்குக் கிடைத்தது. 2022-ம் ஆண்டு நம் இந்தியாவைச் சேர்ந்த தயானிதா சிங் அந்தப் பரிசைப் பெற்றார்.

பழைய பெட்டிக்குப் புது உயிர்

காலம் மாறிவிட்டது. பிலிம் சுருள் போய், டிஜிட்டல் காமிரா வந்துவிட்டது. 500 வரிசைக் காமிராக்கள் செய்வது 2013-ம் ஆண்டோடு நின்றது.

பிலிம் இருந்த இடத்தில் இப்போது, வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் சில்லு இருக்கிறது. ஹாசல்பிளாட் கம்பெனி 2022-ம் ஆண்டு வெளியிட்ட டிஜிட்டல் காமிராவில், ஒவ்வொரு படத்திலும் 10 கோடி புள்ளிகள். அதன் சில்லு, சாதாரண உயர்தரக் காமிராவின் சில்லைவிடப் பரப்பில் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரியது. அதனால் காலை மஞ்சு மூடிய பள்ளத்தாக்கை எடுத்தாலும், கொம்பு நீட்டி நிற்கும் மானை எடுத்தாலும், வெளிச்சத்தில் உள்ளதும் தெரியும். நிழலில் உள்ளதும் தெரியும்.

ஆனால் இதிலும் அவசரம் உதவாது. லென்ஸ் கனமாக இருக்கும். பாயும் புலியைவிட, தண்ணீர் குடிக்க வரும் புலிக்குத்தான் இது ஏற்றது. காத்து இருப்பவருக்கே நல்ல படம் கிடைக்கும். இது விக்டர் அறிந்த பாடம்தான்.

ஓர் ஆச்சரியம் பாக்கி இருக்கிறது. இந்தக் காலத்து டிஜிட்டல் கூட்டை, 1957-ம் ஆண்டுக் காமிராவின் பின்பக்கத்தில் மாட்டலாம். பொருத்தமாக உட்காரும். தாத்தா காலத்துப் பெட்டி, பேரன் காலத்துப் படம் எடுக்கும்!

பின்பக்கத்தைக் கழற்றி மாட்டலாம் என்று அன்றைக்கு விக்டர் வைத்த ஏற்பாடு, அவர் கனவிலும் காணாத காலத்திலும் உதவுகிறது.

பனிக்காலம் நெருங்கும்போது ஸ்வீடன் கடற்கரையில் பறவைகள் இன்றும் தெற்கே பறக்கின்றன. அதே பாதை. அதே வானம். அவற்றுக்கு மேலே நிலா. அந்த நிலாவில், பறவைகளைத் தேடிய மனிதரின் பெயர் பொறித்த காமிராக்கள்!